கம்பெனி ஆள்

அக்கா: பெரிய பாட்டில்தானே? ஐஸ் போடவா?

பாஸ்கர்: ஐஸா! பீரில் ஐஸ் போட்டால் காய்ச்சியவன் மனம் நோகும் அக்கா. இந்த டைகர் 1932-ல் நம்ம சிங்கப்பூரில் பிறந்த பீர், தெரியுமா?

அக்கா: தெரியாது. ஐஸ் வேண்டுமா, வேண்டாமா?

பாஸ்கர்: போடுங்கள். ஒரு காலத்தில் இதற்கு விளம்பரம் எப்படித் தெரியுமா? 'டைம் ஃபார் எ டைகர்.' அவ்வளவுதான். சுவையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, விலை கிடையாது. மணி என்ன என்று பார்க்கிறவனுக்கெல்லாம் பீர் ஞாபகம் வர வேண்டும்!

அக்கா: (அவன் கழுத்தில் தொங்கிய அட்டையையும் நீலச் சட்டையையும் பார்த்து) ஓ, நீ கம்பெனி ஆளா? வந்ததும் சொல்லக் கூடாதா? குடை எங்கே?

பாஸ்கர்: என்ன குடை?

அக்கா: மூடி சேர்த்துக் கொடுத்தால் குடை என்று சுவரில் ஒட்டிவிட்டுப் போனீர்களே, அந்தக் குடை. மூடி எல்லாம் மைலோ டின்னில் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்காதே. அதன் மேல் நாலு கம்பெனி போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. குடையின் கைப்பிடி மட்டும்தான் வெளியே தெரிகிறது.

பாஸ்கர்: அக்கா, நான் கம்பெனி ஆள் இல்லை. இது ஆபீஸ் பாஸ். கம்ப்யூட்டர் வேலை.

அக்கா: கம்ப்யூட்டர்காரன் எதற்கு பீருக்கு ஜாதகம் சொல்கிறாய்?

பாஸ்கர்: ஆர்வம்தான். இந்த ஃபிரிட்ஜில் இருக்கிறது பாருங்கள், கார்ல்ஸ்பெர்க். டென்மார்க்கில் யாகப்சன் என்று ஒருவர் 1847-ல் ஆரம்பித்தார். மகன் பெயர் கார்ல். ஆலை இருந்த இடம் குன்று, அதுதான் 'பெர்க்'. மகனையும் குன்றையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்.

அக்கா: பிள்ளை பெயரிலா சாராயக்கடை?

பாஸ்கர்: பெரிய ஆலை அக்கா. அப்புறம் அந்த மகன் வளர்ந்து அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு தனி ஆலையே வைத்துவிட்டார்.

அக்கா: வைக்காமல் என்ன செய்வான்? பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்!

பாஸ்கர்: அதற்கு 1973-ல் பிரிட்டனில் ஒரு விளம்பரம் எழுதினார்கள். 'அநேகமாக உலகிலேயே சிறந்த பீர்.' அந்த 'அநேகமாக'வில்தான் இருக்கிறது விஷயம். என்ன அடக்கம் பாருங்கள்.

அக்கா: என் வீட்டுக்காரரும் 'அநேகமாக ஏழு மணிக்கு வந்துவிடுவேன்' என்பார். அடக்கம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

பாஸ்கர்: 2019-ல் அவர்களே மாற்றினார்கள். 'அநேகமாக உலகிலேயே சிறந்த பீர் இல்லை' என்று போட்டு, பீரைப் புதிதாகக் காய்ச்சி விட்டார்கள்.

அக்கா: நாற்பத்தாறு வருஷம் குடித்தவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா?

பாஸ்கர்: அதெப்படிக் கொடுப்பார்கள்?

அக்கா: ஒரு குடையாவது?

(பக்கத்து மேசையில் இருந்த எனக்கு, பேசாமல் முஸ்தஃபா கடை வரை நடந்துபோய் ஒரு குடை வாங்கி வந்து கொடுத்துவிடலாமா என்று இருந்தது. இந்த மாதிரி ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு நாலு பேர் மேசையைப் பிடித்துக்கொள்வார். வாங்குகிற மற்றவனையும் நிறுத்திப் பாடம் நடத்துவார்.)

பாஸ்கர்: கின்னஸ் ஸ்டவுட் கதை கேளுங்கள், அந்தக் கறுப்பு பீர். 1929-ல் 'கின்னஸ் உடம்புக்கு நல்லது' என்று விளம்பரம். அப்புறம் ஒரு டூக்கன் பறவை, மூக்கு மேல் கிளாஸ் வைத்துக்கொண்டு. இங்கே அதே பாட்டிலுக்கு இன்னொரு பெயர். லேபிளில் ஒரு காலத்தில் நாய்த் தலை இருந்ததால் சீனத் தாத்தாக்கள் 'கறுப்பு நாய்' என்பார்கள்.

அக்கா: அந்தத் தாத்தாக்களுக்குக் கொண்டுபோய் வைத்தவளே நான்தான், எனக்கே சொல்கிறாயா! கறுப்பு நாய், புலி, தாய்லாந்துச் சிங்கம், தாய்லாந்து யானை... ராத்திரி கணக்கு எழுதும்போது மண்டாய் மிருகக்காட்சிசாலையில் வேலை பார்க்கிற மாதிரி இருக்கும்.

பாஸ்கர்: உடம்புக்கு நல்லது என்பதை நம்பினார்களா அக்கா?

அக்கா: எங்கள் மாமனார் தினமும் ஸ்டவுட்டில் பச்சை முட்டை அடித்துக் குடிப்பார். விளம்பரம் எல்லாம் படித்ததில்லை, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

பாஸ்கர்: உடம்பு எப்படி இருந்தது?

அக்கா: அவர் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மாமியார்தான் இளைத்துப்போனார்.

பாஸ்கர்: சரி, இது உங்களுக்குப் பிடிக்கும். 1995, அமெரிக்கா. ராத்திரி, சதுப்பு நிலம், மூன்று தவளை. ஒன்று 'பட்' என்கிறது. அடுத்தது 'வைஸ்'. மூன்றாவது 'அர்'. பட்வைஸர்! ஊரே பைத்தியமாகிவிட்டது.

அக்கா: தவளை கத்தினால் மழைதான் வரும். மழை வந்தால் என்ன வேண்டும்?

பாஸ்கர்: அக்கா, தயவுசெய்து...

அக்கா: என்ன வேண்டும், சொல்.

பாஸ்கர்: ...குடை. ஆனால் அந்தப் பெயரே அமெரிக்காக்காரன் பெயர் இல்லை. செக் நாட்டில் புட்வைஸ் என்று ஒரு ஊர், அங்கேயும் பீர் காய்ச்சுகிறார்கள். பெயர் யாருக்கு என்று நூறு வருஷத்துக்கு மேலாக வழக்கு.

அக்கா: வக்கீல் என்ன குடிப்பார்?

பாஸ்கர்: அது... சரி, டைகருக்கே வருகிறேன். ஆந்தனி பர்ஜஸ் என்று ஒரு எழுத்தாளர், மலாயாவில் வாத்தியாராக இருந்தவர். 1956-ல் தன் நாவலுக்கு அந்த விளம்பர வாசகத்தையே தலைப்பாக வைத்தார். கம்பெனி விளம்பரத்துக்காக ஒரு கடிகாரம் கொடுக்குமே, அதில் ஒன்று தனக்கு வேண்டும் என்று கேட்டாராம்.

அக்கா: (முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து) கொடுத்தார்களா?

பாஸ்கர்: இல்லை. கோபத்தில் நாவலுக்குள் போட்டிக் கம்பெனி பீரைப் பாராட்டி எழுதிவிட்டார். அவர்கள் ஒரு டஜன் பாட்டில் அனுப்பினார்கள். ரொம்ப வருஷம் கழித்து இங்கே வந்தபோதுதான் டைகரை இலவசமாகக் குடிக்கச் சொன்னார்களாம். அதற்குள் அவர் ஜின்னுக்கு மாறிவிட்டார்.

அக்கா: புத்தகம் எழுதினவருக்கே கடிகாரம் இல்லை. நான் மூடி பொறுக்கியவள். எனக்கு எங்கே வரப்போகிறது?

பாஸ்கர்: நீங்களும் போட்டிக் கம்பெனியைப் பாராட்டிப் பாருங்களேன்.

அக்கா: யார் கேட்பார்கள்? ஊரில், இந்தியாவில், அதைவிட வேடிக்கை. டிவியில் மது விளம்பரம் போடக் கூடாது. கிங்ஃபிஷர் பீரின் மீன்கொத்திப் படம் போட்டு 'ஊ லல்லா' என்று பாடுவான். என்னடா என்றால் மினரல் வாட்டர் என்பான். என் அண்ணன் கடைக்குப் போய் அந்தத் தண்ணீரைக் கேட்டிருக்கிறார். கடைக்காரன் மேலும் கீழும் பார்த்தானாம்.

பாஸ்கர்: பினாமி விளம்பரம்! அதுவும் ஒரு கலை அக்கா. இங்கே அந்தத் தொல்லை இல்லை. நேராகவே போடலாம்.

அக்கா: போடலாம். எல்லாம் இங்கிலீஷிலும் சீனத்திலும். அந்தச் சுவரைப் பார், ஒரு போஸ்டரிலாவது தமிழ் இருக்கிறதா? இருபது வருஷமாகத் தேக்காவில் பீர் விற்கிறேன், குடிக்கிறவன் முக்கால்வாசி தமிழன். வெளியே போய்த் திரும்பு, 'இங்கே மது அருந்தக் கூடாது' என்று பலகை இருக்கும். அதில் மட்டும் தமிழ் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கும்.

பாஸ்கர்: ...2015-ல் வந்த சட்டம். நம்ம தேக்கா இருக்கிற லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கட்டுப்பாட்டு வட்டாரம். சனி, ஞாயிறு முழுக்கப் பொது இடத்தில்...

அக்கா: அதற்கும் வருஷம் சொல்லிவிட்டாயா? சந்தோஷம். மக்கைப் பார்.

பாஸ்கர்: என்ன?

அக்கா: ஐஸ் கரைந்து அரை மணி ஆகிறது. அதில் இருப்பது தண்ணீர். உன் கம்பெனிக்காரனே வந்தாலும் எது பீர் என்று கண்டுபிடிக்க மாட்டான்.

பாஸ்கர்: என் கம்பெனி இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? நான் யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை.

அக்கா: அதுதான் எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை ஒரு பெண் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாள். நாலு மணி நேரம் நிற்கிறாள், மணிக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டு போகிறாள். அவள் சொல்வது 'அண்ணே, இன்னொன்று திறக்கட்டுமா?' அவ்வளவுதான். நீ டென்மார்க், அமெரிக்கா, தவளை என்று தொண்டை வற்றப் பேசுகிறாய், கையில் இருந்து காசும் கொடுக்கிறாய்.

பாஸ்கர்: பேசினால் தப்பா?

அக்கா: தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆள் பற்றாக்குறை. ஆறு மணிக்கு வா. மேசை மேசையாகப் போய் இதையே சொல். தமிழில் சொல்.

பாஸ்கர்: (கொஞ்சம் யோசித்து) மணிக்கு எவ்வளவு?

அக்கா: சும்மா செய்கிறவன் கிடைத்தபிறகு எவளாவது கூலி கொடுப்பாளா? பாட்டில் ஒன்பது வெள்ளி. போனில் பேநவ்வா, ரொக்கமா?