குதிரை பாவம்தான், ஒத்துக்கறேன்

நேற்று ராத்திரியிலிருந்து ஆளாளுக்கு அதே ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். போதும். கிர்கிஸ்தானில் சோங்-குல் ஏரிக்கரையில் குதிரைமேல் நான், கீழே 'குதிரை பாவம் பாஸ்' என்று ஒரு மீம். அந்தப் பேஜின் பெயரைச் சொல்லி இன்னும் நாலு லைக் வாங்கித் தருவதாக இல்லை.

முதலில் எனக்கும் சிரிப்புதான் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கணும். கமெண்ட்டுக்குள் போனேன் பாருங்கள், அதுதான் தப்பு.

ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். என்னால் அந்தக் குதிரைக்குக் கஷ்டம் என்றால், அதை என்னிடம் சொல்ல வேண்டியவர் குதிரைக்காரர். அவர் சொன்னார். எப்படித் தெரியுமா? கொச்கோர் தாண்டி கிசார்ட் என்று ஒரு கிராமம், அங்கிருந்துதான் சவாரி. எடை எவ்வளவு என்று கேட்டார். நான் கூச்சப்படாமல் எழுபது என்றேன். மனிதர் என்னை மேலிருந்து கீழ் ஒரு தடவை பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து மண் தரையில் வைத்தார். 76. ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கென்று நிறுத்தியிருந்த செம்பட்டைக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய், முதுகு அகலமான சாம்பல் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார். அத்தனை பேர் முன்னால். மீம் போட்ட தம்பிக்கு முன்னாலேயே என்னை எடை போட்டாயிற்று, கவலைப்படாதீர்கள்.

குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது குதிரை வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 400 கிலோ குதிரை என்றால் 80. சேணத்தையும் சேர்த்தால் தாண்டுமே என்று ஒருத்தர் கால்குலேட்டரோடு வருவார். வரட்டும். செங்குத்தான இறக்கத்தில் எல்லாம் இறங்கி நான் நடந்தேன், என் முட்டியைக் கேளுங்கள். மத்தியானம் நிறுத்தியதும் எங்களுக்குச் சோறு அப்புறம்தான், முதலில் வயிற்றுவாரைத் தளர்த்தி மேய விட்டார்கள். சாயங்காலம் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டு விட்டால் ராத்திரி முழுக்க மேய்ச்சல். குதிரையோடு பிறந்து குதிரையோடு வளர்கிற ஜனம் அது. அவர்களுக்கு இங்கே சோபாவில் உட்கார்ந்துகொண்டு நாம் ஜீவகாருண்யம் சொல்லித் தருகிறோம்.

கேதார்நாத் பாதையில் 2022-ல் கோவேறு கழுதைகள் செத்து விழுந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று ஒரு தோழி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அது கொடுமை. ஆனால் இந்தப் படத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

'இந்த வயசுல இதெல்லாம் தேவையா ஆன்ட்டி' என்ற கமெண்ட்டுக்கு 212 லைக். (ஆமாம், எண்ணினேன்.) எந்த வயதில் தேவை என்று அந்தப் பிள்ளை கொஞ்சம் சொல்லியிருக்கலாம். எட்டு வயதில் கொடைக்கானல் போனோம். ஏரி ரோட்டில் வரிசையாகக் குதிரைகள் நிற்குமே, அங்கே அண்ணனை ஏற்றிவிட்டார் அப்பா. நானும் என்றேன். 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி குதிரை' என்றார். அவன் ஒரு ரவுண்டு போய்விட்டு வரும்வரை, கழன்று விழுந்துவிடும் என்று கழற்றிக் கொடுத்த அவன் செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாமேல் இப்போது கோபமில்லை. அந்த நீல வார் மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள், மாமியாரின் டயாலிசிஸ். இந்த ஜூலையில் 52 முடிந்தது. இடையில் எந்த வருஷத்தில் போயிருக்கலாம், சொல்லுங்கள்.

காசுக் கொழுப்பாம். 24 மாதம் கட்டிய சீட்டு தம்பி அது.

எங்கள் ஆபீஸில் என்னைவிட முப்பது கிலோவாவது கூட இருக்கிற ஒருத்தர், போன வருஷம் பஹல்காமில் குதிரையில் ஏறி படம் போட்டார். 'ராஜா மாதிரி இருக்கீங்கண்ணே' என்று எழுதினீர்கள். நானும்தான் ஹார்ட் விட்டேன். அப்போது குதிரை பாவமில்லை.

அந்தப் படம் எடுத்த இடத்தைப் பற்றி ஒருத்தராவது கேட்டீர்களா? 3,016 மீட்டர் உயரத்தில் ஏரி. நம் தொட்டபெட்டாவே 2,637-தான். கண்ணுக்கு எட்டியவரை புல், ஒரு மரம் கிடையாது. (மரமே இல்லாத வெட்டவெளியில் ஒரு பெண் அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவாள் என்பது தனிப் பதிவு.) ஜூனில் ஆடு மாடு குதிரையோடு வந்து கூடாரம் போடுவார்கள், செப்டம்பரில் இறங்கிவிடுவார்கள். ஜூலையிலும் ராத்திரி பல் கிட்டித்துப் போகிற குளிர். கூடாரத்துக்குள் அடுப்பில் வறட்டிதான் எரிகிறது. அந்த வாசனை வந்ததும் எனக்கு எங்கள் அப்பாயி வீட்டு அடுப்படிதான். குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் கொடுத்தார்கள், மூன்று நாள் மோரில் புகை பிடித்த மாதிரி இருந்தது. ஒரு கிண்ணம்தான் முடிந்தது.

அங்கே குதிரையைக் கிளப்ப 'ச்சூ' என்கிறார்கள். நம் ஊரில் கோழி விரட்டுகிற சத்தம். முதல் நாள் நான் எத்தனை தடவை சொல்லியும் சாம்பல் நகரவே இல்லை, புல்லைத்தான் தின்றது. மூன்றாம் நாள் ஏரிக்கரையில் நான் வாயைத் திறக்கும் முன்பே கிளம்பிற்று. கூட வந்த பையன் அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அவ்வளவு பேரில் ஒருத்தர்கூட அதைப் பார்க்கவில்லை.

குடும்ப குரூப்பில் அந்த மீமை முதலில் போட்டது யார் என்று சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணன். மூன்று சிரிப்பு எமோஜியோடு.

படத்தை எடுக்கப் போவதில்லை. போக ஆசைப்படுகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், தொடைப்பக்கம் தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், இரண்டாம் நாள் உட்கார முடியாது. எடையை உள்ளபடி சொல்லுங்கள். அந்த மனிதரிடம் மெஷின் இருக்கிறது.