குற்றாலத்துல பொம்பளைங்க துணி மாத்த ஒரு கதவு கிடையாதா?

குற்றாலம் போயிட்டு வந்து நாளாகியும் கோவம் அடங்கல. தண்ணி மேல ஒரு குறையும் இல்ல. ஜூலை மாச சாரல், மலை உச்சில மேகம் இறங்கி நிக்குது, முந்தின ராத்திரி தண்ணி பாதுகாப்பு வளைவைத் தாண்டி கொட்டுச்சுன்னு குளிக்கத் தடை போட்டிருந்தாங்க, காலைல குறைஞ்சதும் விட்டுட்டாங்க. மெயின் அருவியான பேரருவில உச்சில இருந்து வர்ற தண்ணி அப்படியே தலைல விழுந்தா யாராலயும் தாங்க முடியாது. நடுவுல பொங்குமாங்கடல்ங்கிற பாறைப் பள்ளத்துல விழுந்து பொங்கி, வேகம் அடங்கி, அகலமா பரவி வர்றதாலதான் சின்னப் பிள்ளைகூட கீழ நின்னு குளிக்க முடியுது. மலையே மனுஷனுக்காக இவ்வளவு செஞ்சு வச்சிருக்கு. மனுஷன் செய்ய வேண்டியது நாலு சுவர், ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். அது முடியலையா?

பொம்பளைங்க குளிக்க ஒரு பக்கம் தனியா ஒதுக்கியிருக்காங்க, சரி. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு அதுல குளிச்சு முடிச்சாச்சு. அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. உடை மாற்றும் அறைன்னு எழுதிப் போட்டிருக்கு, ஒண்ணு பூட்டிக் கிடக்கு, இன்னொண்ணுல கதவு இருக்கு தாழ்ப்பாள் இல்ல, உள்ள தரை பூரா சேறும் ஷாம்பு கவரும், காயப்போட ஒரு கொக்கி கிடையாது, வெளிய வரிசை வளைஞ்சு போகுது, கைக்குழந்தையோட நிக்கிறவங்க, முட்டுவலிக்காரங்க எல்லாரும் ஈரத்துணியோட குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்கிறோம். முன்னாடி நின்ன ஒரு குடும்பத்துல நாலு பேரு சேலையை விரிச்சு நாலு பக்கமும் பிடிச்சுக்கிட்டு நிக்க, நடுவுல அவங்க வீட்டுப் பொண்ணு துணி மாத்துது. எதிர்ல அருவியை எடுக்குற மாதிரி போனைத் தூக்கிட்டு நிக்கிறானுங்க. எதை எடுக்குறானுங்கன்னு யாருக்குத் தெரியும்? என் அக்கா மக எட்டாங்கிளாஸ் படிக்கிறா, அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு "சித்தி, நான் ஈரத்தோடயே வந்துடுறேன், மாத்த வேண்டாம்"னு சொன்னா. அந்த வயசுப் பிள்ளை ஒரு டூர்ல இருந்து இதையா கத்துக்கிட்டுப் போகணும்?

பீரியட்ஸ் நேரத்துல வர்ற பொண்ணுங்க நிலைமையை யாராவது யோசிச்சிருக்கீங்களா? பாத்ரூம்ல தண்ணி வரல, நாப்கினைப் போட ஒரு குப்பைத்தொட்டி இல்ல. அருவிக்கரைல வந்து நிக்கிறோம், பாத்ரூம் குழாய்ல தண்ணி வரலைங்க!

அந்தப் பக்கம் ஆம்பளைங்க எண்ணெய் மசாஜ் பண்ணிக்கிட்டு, குளிச்சு, ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு கார் பக்கத்துலயே மாத்திட்டு அடுத்து கேரள பார்டர் பக்கத்துக் கடைல சிக்கன் சாப்பிடக் கிளம்பிடுறாங்க. (அருவில எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாதுன்னு ஐகோர்ட் மதுரைக் கிளையே சொல்லியிருக்கு, கேக்குறது யாரு.) அவங்களுக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல, அதனாலதான் யாருக்கும் கண்ணுல படல. நான் எங்க மச்சான்கிட்ட சொன்னப்போ அவரே "லாட்ஜ்ல ஒரு ரூம் போட்டிருக்கலாமே"ன்னாரு. போய்க் கேட்டோம், பத்து நிமிஷம் துணி மாத்தணும்னு, முழு நாள் வாடகை குடுத்தா சாவி தர்றேன்னாங்க. அதுவும் சீசன் ரேட்டு. பஸ்ல வந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்து சாப்பிடுற குடும்பம் அதுக்கு எங்க போகும்? காசு உள்ளவங்களுக்குன்னா சில ரிசார்ட்டுக்குள்ள தண்ணியைத் திருப்பி செயற்கை அருவியே உண்டாக்கிக் குடுத்தாங்க, 2022ல ஐகோர்ட் தலையிட்டுக் கேள்வி கேக்குற வரைக்கும் போச்சு. ஓடையைத் திருப்ப முடியுது, எங்களுக்கு ஒரு தாழ்ப்பாள் வைக்க முடியல.

2024 மே மாசம் பழைய குற்றால அருவில திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் செத்துப்போனான். அதுல இருந்து தண்ணி கொஞ்சம் கூடினாலே தடை போடுறாங்க, அது வேணும், அதை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், காத்துக்கிடந்தாலும் பரவாயில்ல. ஆனா பாதுகாப்புன்னா வெள்ளம் மட்டும்தானா? மறைப்பு இல்லாம நிக்க வைக்கிறதும் பாதுகாப்பு இல்லாததுதான்.

ஐந்தருவி போறதா இருந்தோம், அம்மா வேண்டாம்னுட்டாங்க. ஈரப் பாவாடையோட தென்காசி வந்தோம், கோயிலுக்காவது போவோம்னு. தென்காசி கோபுரவாசல் காத்து எப்படி அடிக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், ஆளைத் தள்ளும். மத்த நாளா இருந்தா அந்தக் காத்துக்காகவே அங்க நிப்போம், அன்னைக்கு அம்மா பல்லு கிட்டிக்கிட்டு சுவரோரமா ஒதுங்கிட்டாங்க, உள்ள கூட வரல. பராக்கிரம பாண்டியன் கட்டுன கோயில், கோபுரம் எரிஞ்சு தலைமுறை தலைமுறையா மொட்டைக் கோபுரமா நின்னதை ஊரு கூடி ஒன்பது நிலை எழுப்பி 1990ல கும்பாபிஷேகம் பண்ணினாங்க. அதே வட்டாரத்துல அருவிக்கரைல பத்து ரூம் கட்ட ஆள் இல்லையா?

பார்க்கிங்குக்குக் காசு வாங்குறீங்க, கடைக்கு வாடகை வாங்குறீங்க, வர்ற கூட்டத்துல பாதி பொம்பளைங்க. அடுத்த ஜூன்ல சாரல் விழுறதுக்குள்ள பெண்கள் பகுதிக்குப் பக்கத்துலயே பூட்டு போடாத ரூம், உள்பக்கம் தாழ்ப்பாள், கொக்கி, தண்ணி வர்ற பாத்ரூம், மூடி போட்ட குப்பைத்தொட்டி, போனைத் தூக்குறவனைப் பிடிச்சு விசாரிக்க அங்கயே ஒரு பெண் போலீஸ். இவ்வளவுதான் கேக்குறோம். கட்டிட்டு சாவியைக் கொண்டு போய் ஆபீஸ்ல வச்சுக்காதீங்க.