ஞாயிற்றுக்கிழமை லைவும் எர்கோதயோனைன் மாத்திரையும்

எர்கோதயோனைன் என்ற சத்து மாத்திரையைக் கொடுத்தால் மறதி நோய் வந்த பெரியவர்களுக்கு நினைவு திரும்பும் என்று ஞாயிற்றுக்கிழமை ஒருவர் லைவில் சொன்னார். அந்த லைவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி எங்கள் குடும்பக் குழுவில் மூன்று பேர் அதே துண்டு வீடியோவை எனக்கு அனுப்பினார்கள். "பெற்றவர்கள் மேல் பாசம் இருந்தால் இதை வாங்கிக் கொடுங்கள்" என்கிறாரே, அந்த இடம். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

எர்கோதயோனைன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. 1909-இல் சார்ல் தான்ரே என்ற பிரெஞ்சுக்காரர் எர்காட் பூசணத்திலிருந்து பிரித்தெடுத்த, கந்தகம் கலந்த அமினோ அமிலம் அது. கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோய் வருமே, அந்தப் பூசணத்துக்கு எர்காட் நெருங்கிய சொந்தம். நம் உடம்பால் இந்தச் சத்தைத் தயாரிக்க முடியாது. பூசணங்களும் சில பாக்டீரியாக்களும்தான் தயாரிக்கின்றன. ஆனால் சாப்பாட்டில் வந்தால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளவே உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. 2005-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு அக்கறையாக உடம்பு சேர்த்து வைக்கிறதென்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைப்பது நியாயம்தான். இதுவரை லைவில் சொன்னதும் சரி.

நினைவு திரும்பும் என்ற அடுத்த வரிதான் பொய். சிங்கப்பூரில் பாரி ஹாலிவெல் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், மறதி தொடங்கிய முதியவர்களின் ரத்தத்தில் இது குறைவாக இருப்பதைப் பார்த்தார்கள். குறைவாக இருந்தது, அவ்வளவுதான். அதனால் மறதி வந்ததா, மறதியால் அது குறைந்ததா? "மாத்திரை கொடுத்தால் நினைவு திரும்பும்" என்பது லைவ் போட்டவர் தானாகச் சேர்த்தது.

என் அம்மாவையே சொல்கிறேன். சிப்பிக் காளான் குழம்பு என்றால் தட்டை முன்னால் இழுத்துக்கொள்வார். மறதி நோய் முற்றியதும் மென்று சாப்பிடவே மறந்துபோனார். குழைந்த பருப்புச் சாதம், ரசம் சாதம், இரண்டு வாய் இட்லி. காளானை வாயில் வைத்தால் துப்பிவிடுவார். அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் இந்தச் சத்து அடிமட்டத்தில்தான் இருந்திருக்கும். மறதிதான் அம்மாவின் சாப்பாட்டைப் பறித்தது.

மாத்திரையும் கொடுத்துப் பார்த்தவள்தான் நான். அண்ணன் வெளிநாட்டிலிருந்து இரண்டு டப்பா அனுப்பினார். தினம் காலையில் மாத்திரையைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு, "நான் யாரும்மா?" என்று கேட்பேன். "டீச்சர்" என்பார். டப்பா தீர்ந்த அன்றைக்கும் டீச்சர்தான். அந்த நான்கு மாதமும் அண்ணன் போனில் கேட்டது, "மாத்திரை கொடுத்தாயா?" அம்மா தூங்கினாரா, நீ தூங்கினாயா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

"நீங்கள் டாக்டரா?" என்று கேட்பீர்கள். இல்லை. லைவ் போட்டவரும் இல்லை.

"பக்கவிளைவு இல்லையே, கொடுத்தால் என்ன?" சரி, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று சொல்லியிருக்கிறது. பாதுகாப்பானது என்பதும் குணமாக்கும் என்பதும் ஒன்றா?

"ஆராய்ச்சி இருக்கிறதே!" இருக்கிறது. ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 20 வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். ரத்தத்தில் இது அதிகமாக இருந்தவர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. அவர்களுக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. மாத்திரை கொடுத்துப் பார்த்த சிங்கப்பூர் சோதனையில் இருந்தவர்கள் 20 பேர்கூட இல்லை, அதுவும் லேசான மறதி உள்ளவர்கள். நல்ல அறிகுறிகள் தெரிந்தன. எனக்கும் சந்தோஷம்தான். பெரிய சோதனை நடந்து பலன் உறுதியானால் முதல் ஆளாக நானே பகிர்வேன். ஆனால் பெற்ற மகளை டீச்சர் என்று கூப்பிடும் அம்மாவுக்கு இதை மருந்தென்று விற்காதீர்கள்.

சத்து வேண்டுமென்றால் சிப்பிக் காளான் வாங்குங்கள். பட்டன் காளானைவிட அதில் இது பல மடங்கு அதிகம், சமைத்தாலும் பெரும்பகுதி நிற்கும். எங்கள் தெருவில் ஒரு அக்கா வைக்கோல் பையில் வளர்த்துக் காலையில் பறித்துக் கொடுக்கிறார். அவர் ஒரு நாளும் அதை மருந்து என்று சொன்னதில்லை.

லைவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "செலவு செய்ய மனமில்லாதவர்கள்தான் காரணம் சொல்வார்கள்." ராத்திரியில் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்காக நான் வளையலை விற்றேன். அம்மாவின் ஈரப் புடவையை ராத்திரி மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். என் பாசத்தை அளக்க அவர் யார்?

வீடியோ அனுப்பிய மூன்று பேருக்கும் ஒன்று சொல்கிறேன். பெரியம்மாவுக்கும் இப்போது அதே மறதிதான். அக்கா ஒருத்தியாகப் பார்த்துக்கொள்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர் அங்கே போய் உட்காருங்கள். அக்கா இரண்டு மணி நேரம் தூங்கட்டும்.