அந்தப் புள்ளியை விட்டுவிடாதீர்கள்
கணக்கீட்டு மென்பொருளான மேட்லாபைக் (MATLAB) கற்க உரிமம் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. முதலாண்டுப் பாடத்துக்கு அதைப் போன்ற இலவச மென்பொருளான ஆக்டேவே (Octave) தாராளம். அடிப்படை நிரல்கள் பெரும்பாலும் இரண்டிலும் அப்படியே ஓடும்.

பலர் சறுக்குவது பெருக்கலில்தான். 0:0.1:1 என்றால் 0 முதல் 1 வரை 0.1 இடைவெளியில் 11 எண்கள் கொண்ட வரிசை. அதை அதனாலேயே வெறும் * போட்டுப் பெருக்கினால் மேட்ரிக்ஸ் (எண் அட்டவணை) பெருக்கலாக எடுத்துக்கொண்டு, 1×11-ஐ 1×11-ஆல் பெருக்க முடியாதென்று பிழை காட்டும். உறுப்புக்கு உறுப்பு பெருக்க, முன்னால் புள்ளி வைத்த .* வேண்டும், அடுக்குக்கு .^ வேண்டும். பிழை வந்தால்கூடப் பரவாயில்லை, 3×3 சதுர மேட்ரிக்ஸ் என்றால் சத்தமே இல்லாமல் வேறு விடை வரும்!

சைன் 30 கேட்டு -0.988 வந்தால் திகைக்க வேண்டாம், அது 30-ஐ டிகிரியாக அல்லாமல் ரேடியனாக எடுத்த கணக்கு. சமன்பாடுகளைத் தீர்க்க நேர்மாறு மேட்ரிக்ஸ் எடுக்காமல் \ குறியைப் போடுங்கள். வேகமும் துல்லியமும் கூடும்.