வேறு யார் யார்?

ஐரோப்பாவில் சூனியக்காரிகளை எரித்த கதை எங்கே வந்தாலும் நாம் ஒரே மாதிரிதான் முடித்துவைக்கிறோம்: "அது இருண்ட காலம், படிப்பில்லாத ஜனங்கள், மூடநம்பிக்கை." நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்சம் உட்கார்ந்து வாசித்த பிறகு, இதில் காலமும் தப்பு, ஆட்களும் தப்பு என்றாகிவிட்டது. மிச்சம் இருப்பது மூடநம்பிக்கை. அதுவும் கூட்டாளிதான், முதல் குற்றவாளி வேறு.

முதலில் காலம். 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிராங்கிய அரசர் சார்லமேன் சாக்சனி மக்களுக்குப் போட்ட சட்டத்தில், ஒருவரைச் சூனியக்காரி என்று நம்பி எரித்தால் எரித்தவனுக்குத்தான் மரண தண்டனை. 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட திருச்சபை விதி ஒன்று, இரவில் டயானா என்ற பழைய ரோமானியத் தெய்வத்தோடு விலங்குகள் மேல் ஏறிப் போய் வந்தோம் என்று சொல்லும் பெண்கள் கனவு கண்டிருக்கிறார்கள், அதை நிஜம் என்று நம்புவதே பிழை என்கிறது. அதாவது நாம் இருண்ட காலம் என்று திட்டும் காலத்தில் மேலிடத்தின் நிலை இது. கொலைகள் உச்சத்துக்குப் போனதோ ஏறத்தாழ 1560க்கும் 1650க்கும் இடையில். கலிலியோ தொலைநோக்கி வழியாக வியாழனின் நிலாக்களைப் பார்த்த காலம் அது. அச்சு வந்து நூறு வருஷம் தாண்டியிருந்தது.

எண்ணிக்கையிலும் ஒரு வேடிக்கை. 90 லட்சம் பெண்கள் என்று இன்னமும் பகிர்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர் தன் ஊர் ஆவணத்தில் கிடைத்த கொஞ்சம் வழக்குகளை ஐரோப்பா முழுமைக்கும், பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. விடை 94,42,994. கடைசி நாலு பேர் வரை துல்லியம்! இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்வது 40,000 முதல் 60,000 வரை. அதில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். ஐஸ்லாந்து மாதிரி சில இடங்களில் மட்டும் கணக்கு தலைகீழ், அங்கே பெரும்பாலும் ஆண்களே மாட்டினார்கள். அதைக் காட்டி "இது பெண்களுக்கு எதிரானதே இல்லை" என்று வாதாட வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

பெண் வெறுப்புக்குச் சாட்சி வேண்டுமா? சூனிய வழக்குகளை விசாரித்த ஜெர்மானியத் துறவி ஹைன்ரிச் கிராமர் போதும். 1485இல் இன்ஸ்ப்ரூக்கில் ஹெலெனா ஷாய்பரின் என்ற பெண் மீது அவர் வழக்கு நடத்தினார். அவரை முகத்துக்கு நேராகத் திட்டிய பெண் அவள். விசாரணையில் அவளுடைய அந்தரங்க வாழ்க்கையை மனிதர் குடைந்த குடைச்சலில், கூட இருந்த திருச்சபைக்காரர்களே முகம் சுளித்தார்கள். வழக்கு தள்ளுபடி. ஊரைவிட்டுக் கிளம்பும் என்று ஆயரே சொல்லிவிட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை, உட்கார்ந்து 'மாலியஸ் மாலெஃபிகாரம்' (சூனியக்காரிகளை அடிக்கும் சம்மட்டி) என்ற புத்தகத்தை எழுதினார். பெண் என்பதற்கான லத்தீன் சொல்லே 'நம்பிக்கை குறைந்தவள்' என்பதிலிருந்து வந்தது என்று அதில் ஒரு சொல்லாராய்ச்சி வேறு. தோற்ற வழக்குக்கு ஒருவர் உலகத்திடம் செய்த மேல்முறையீடு என்றுதான் அந்தப் புத்தகத்தை நான் வாசிக்கிறேன்.

சரி, ஆட்களுக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்தாள், மாடு பால் கறக்கவில்லை, குழந்தை செத்தது என்ற புகார் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் ஒரு சண்டையிலிருந்து ஒரு வழக்குதானே வரும்? 1562இல் ஆலங்கட்டி மழை அடித்துப் பயிர் போனது என்பதற்காக ஜெர்மனியில் வீசன்ஷ்டைக் என்ற சின்ன இடத்தில் 63 பேரைக் கொன்றார்களே, ஒன்று எப்படி 63 ஆனது?

ஒரே ஒரு கேள்வியால்தான். சூனியக்காரிகள் இரவில் பறந்துபோய்க் கூட்டம் போடுகிறார்கள் என்பது படித்தவர்கள் கட்டிய சித்தாந்தம். கூட்டம் என்றால் அங்கே மற்றவர்களைப் பார்த்திருக்க வேண்டுமே? அதனால் ஒப்புதல் வாங்கியதும் நீதிபதி அடுத்துக் கேட்பார்: "வேறு யார் யார்?"

இந்தக் கேள்வி எப்படி வேலை செய்தது என்று பார்க்க, ஜெர்மனியின் பாம்பெர்க் நகர மேயர் யோஹானஸ் யூனியுஸ் 1628 ஜூலையில் சிறையிலிருந்து மகள் வெரோனிகாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று போதும். 55 வயது. மனைவியை ஏற்கனவே கொன்றாகிவிட்டது. கட்டைவிரல் நசுக்கும் கருவியால் கை போய்விட்டதால், எழுத்தும் கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கிறது. சித்திரவதை முடிந்து திரும்பக் கூட்டிவரும்போது, சித்திரவதை செய்த அதே ஆள் அவரிடம் கெஞ்சுகிறான்: ஐயா, கடவுள் பெயரால் கேட்கிறேன், நிஜமோ பொய்யோ எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், ஏதாவது கற்பனை செய்து சொல்லுங்கள், அடுத்து வரப்போவதை உங்களால் தாங்க முடியாது.

மேயர் யோசிக்க அவகாசம் கேட்கிறார். ஒரு கதை கட்டுகிறார். தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு பெண் வந்தாள், ஆடாக மாறினாள். போதவில்லை. கூட்டத்தில் யாரைப் பார்த்தாய்? அடையாளம் தெரியவில்லை என்கிறார். அப்படியானால் வா என்று நகரத்தின் ஒவ்வொரு தெருவாகச் சொல்லச் சொல்லி, இந்தத் தெருவில் யார், அந்தத் தெருவில் யார் என்று பெயர்களைப் பிடுங்குகிறார்கள். அப்புறம், என்னென்ன கெடுதல் செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை என்றதும், "தூக்கிக் கட்டு" என்கிறார்கள். என் பிள்ளைகளைக் கொல்லச் சொன்னார்கள், பதிலுக்கு ஒரு குதிரையைக் கொன்றேன் என்கிறார் மனிதர். அதுவும் போதவில்லை. நற்கருணை அப்பத்தை எடுத்துப் புதைத்தேன் என்ற பிறகுதான் விட்டார்கள்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. தன் மீது சாட்சி சொன்ன ஆறு பேரைக் குறிப்பிட்டு, எல்லாம் வற்புறுத்தலில் சொன்ன பொய், சாவதற்கு முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று எழுதுகிறார். அந்த ஆறு பேரில் ஒருவர் அந்தச் சமஸ்தானத்தின் சான்சலர், அதாவது தலைமை அதிகாரி, இன்னொருவர் அவருடைய மகன். படிப்பில்லாத ஜனங்களா இவர்கள்?

ஃப்ரீட்ரிச் ஷ்பே என்ற யேசு சபைக் குரு 1631இல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். விசாரணை முறையை அப்படியே எடுத்துப் பிரித்துக் காட்டுகிறார். பெண் கெட்ட நடத்தைக்காரியா, அப்படியானால் சூனியக்காரிதான். நல்லவளா, வேஷம் போடுகிறாள். பயந்தால் குற்ற உணர்ச்சி, பயப்படாவிட்டால் சாத்தான் தரும் தைரியம். சித்திரவதையில் செத்துப்போனால் சாத்தான் கழுத்தைத் திருகிவிட்டான். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும்.

இதிலிருந்து தப்பியவர்களும் உண்டு. வானியலாளர் கெப்லரின் அம்மா கதரினா, எழுபது வயதைத் தாண்டியவர், 1620இல் கைதாகிப் பதினாலு மாதம் சங்கிலியில் கிடந்தார். அதே ஊரில் பழகிய பெண் ஒருத்தி, அந்தக் கிழவி கொடுத்த பானத்தால்தான் என் உடம்பு கெட்டது என்று கிளப்பிய புகார். மகன் வேலையைப் போட்டுவிட்டு வந்து, குற்றச்சாட்டை வரி வரியாக எடுத்து எழுத்தில் மறுத்தார். சித்திரவதைக் கருவிகளைக் கண் முன்னால் காட்டி மிரட்டியபோதும், நரம்பு நரம்பாக உருவினாலும் ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை என்றாராம் கிழவி. விடுதலையானார், சில மாதத்தில் இறந்தார். எல்லோருக்கும் கெப்லர் மகனாக அமையவில்லை.

எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த ஆள் அலோன்சோ டி சலாசார். மதத்துக்கு மாறானவர்களை விசாரித்த ஸ்பானியத் திருச்சபை நீதிமன்றமான இன்குவிசிஷனின் அதிகாரி. ஆமாம், பெயரைக் கேட்டாலே நடுங்குவோமே, அதே இன்குவிசிஷன். 1610இல் வட ஸ்பெயினின் லோக்ரோஞோ நகரில் ஆறு பேரை உயிரோடு எரித்த வழக்கின் மூன்று நீதிபதிகளில் அவரும் ஒருவர். மனசு கேட்கவில்லை போல. அடுத்த வருஷம் பாஸ்க் கிராமங்களுக்குப் போய் 1,802 பேரிடம் வாக்குமூலம் வாங்கினார். அதில் 1,384 பேர் குழந்தைகள்! கேட்டதோடு நிற்காமல் சரிபார்த்தார். பறக்கப் பூசும் தைலம் என்று கொண்டுவந்த ஜாடிகளைச் சோதித்தார்கள், விலங்குகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் நடக்கும் என்று சொன்ன இரவில், சொன்ன இடத்துக்கு ஆள் அனுப்பினார். யாரும் வரவில்லை. இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும் வரை இங்கே சூனியக்காரிகளும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவர்களும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். 1614இல் மேலிடம் ஏற்றுக்கொண்டது. சூனியம் உண்டா இல்லையா என்ற தத்துவ விவாதத்துக்கெல்லாம் அவர் போகவே இல்லை. ஆதாரம் எங்கே என்று மட்டும் கேட்டார்.

என் வாதத்துக்கு இடிக்கும் இடமும் ஒன்று உண்டு, மறைக்க விரும்பவில்லை. பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லிக் கொடுமை செய்வதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே நீதிமன்றமா கொல்கிறது? கிராமத்துக் கும்பல்தானே? உண்மைதான். ஆனால் அங்கேயும் கும்பலுக்கு முன்னால் ஓஜா எனப்படும் மந்திரவாதி ஒருவர் வருகிறார், நோய்க்குக் காரணம் இன்னார் என்று பெயர் சொல்ல. பெயர் பல நேரம் நிலம் வைத்திருக்கும் ஒரு விதவையுடையதாக இருப்பதும் தற்செயல் இல்லை.

கடைசியாக அன்னா கோல்டி. ஸ்விட்சர்லாந்தில் கிளாருஸ் என்ற இடம், 1782. வேலை பார்த்த வீட்டுக் குழந்தையின் பாலில் ஊசி போட்டாள், அந்தக் குழந்தை ஊசியாக வாந்தி எடுத்தது என்று வழக்கு. சித்திரவதை, ஒப்புதல், எல்லாம் பழையபடிதான். வாளால் தலையை வெட்டினார்கள். ஆனால் அதற்குள் சூனியம் என்ற சொல்லை எழுத நீதிபதிகளுக்கே கூச்சமாகிவிட்டது. தீர்ப்பில் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு, விஷம் வைத்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.