அந்தக் கண்ணாடி மண்டபத்தை இடிக்க வேண்டாம்

செக் நாட்டின் வெந்நீரூற்று ஊரான கார்லோவி வாரியைப் பற்றி யார் படம் போட்டாலும் ஒரே கோணம்தான். தெப்லா ஆறு, கரையோரம் மில் மண்டபத்தின் தூண் வரிசை, மலைச்சரிவில் வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வீடுகள். கொஞ்ச தூரத்திலேயே விரிட்லோ என்ற ஊற்றின் மேல் இருக்கும் விரிட்லோ மண்டபம் மட்டும் படத்தில் வராது. அது 1975இல் கட்டி முடித்த கான்கிரீட், கண்ணாடிக் கட்டடம். கம்யூனிச காலத்துப் பெட்டி, அதை இடித்துவிட்டு முன்பு அங்கே இருந்ததை அப்படியே திரும்பக் கட்டலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், வெந்நீரூற்று ஊருக்கு இத்தனை தூண் மண்டபங்கள் எதற்கு? அழகுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் அங்கே வைத்தியம் என்றால் மணிக்கணக்கில் தொட்டியில் ஊறிக் கிடப்பது. பிறகு அந்த நீரைக் குடிக்கும் வழக்கம் வந்தது. அதிலும் அளவில்லை, அறைக்குள் உட்கார்ந்து டஜன் கணக்கில் கோப்பைகளைக் காலி செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் டாவிட் பெக்கர் என்ற மருத்துவர்தான் இதை மாற்றினார். ஊற்றுக்கே வந்து குடியுங்கள், குடித்தபடி நடங்கள் என்றார். அது மழையும் பனியும் உள்ள ஊர். நோயாளி நனையாமல் நடக்கக் கூரை வேண்டும், காற்றும் வெளிச்சமும் வேண்டும். சுவர் இல்லாமல் தூண்கள் தாங்கும் நீண்ட கூரை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கல்லில் கட்டியது மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஊரில் விற்கும் பீங்கான் கோப்பையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். கைப்பிடியே குழாய். அதன் வழியாக உறிஞ்சிக்கொண்டே நடக்கலாம். நான் போன அன்று பனிக்காலக் காலை. கோப்பையோடு ஒரு பாட்டி எனக்கு முன்னால் நிதானமாக நடந்து போனார், ஒரு மிடறு, பத்தடி, மறுபடி ஒரு மிடறு. நானும் குடித்துப் பார்த்தேன். உப்பும் இரும்பும் கலந்த வெதுவெதுப்பான நீர். ருசி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பைசா கேட்காமல் குழாயில் வருகிறது, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லோரும் கொண்டாடும் மில் மண்டபத்தைக் கட்டியவர் யோசப் ஸீடெக், பிராக் தேசிய நாடக அரங்கை வடிவமைத்தவர். 1871இல் தொடங்கி 1881இல் முடித்தார். 132 மீட்டர் நீளம், 124 கொரிந்தியத் தூண்கள், மேலே பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வொரு சிலை. எழுந்த காலத்தில் அதுவும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. சந்தை மண்டபத்தின் கதை இன்னும் பிடிக்கும். 1883இல் தற்காலிகம் என்று மரத்தில் கட்டினார்கள். வெள்ளைச் சரிகை போட்ட மாதிரி இன்றும் நிற்கிறது.

சரி, விரிட்லோவுக்கு வருகிறேன். ஊரின் தாய் ஊற்று அது. சுமார் 73 டிகிரி சூட்டில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர், பன்னிரண்டு மீட்டர் உயரம்வரை பீறிட்டு அடிக்கிறது. இதற்கு 1879இல் வார்ப்பிரும்பில் ஒரு மண்டபம் எழுந்தது. வியன்னாவின் ஃபெல்னர், ஹெல்மர் இருவரும் வடிவமைத்தது. நாஜிகள் காலத்தில், 1939இல், அதைக் கழற்றி இரும்பைப் போருக்கு உருக்கக் கொண்டுபோனார்கள். நண்பர் திரும்பக் கேட்பது இந்த மண்டபத்தைத்தான். அது போன வலி எனக்கும் உண்டு, பழைய படங்களைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் உருக்கிய இரும்பு திரும்பாது. இன்று வார்க்கும் நகல், இன்றைய கட்டடம்தான். அதற்காக யாரோஸ்லாவ் ஒட்ருபா வடிவமைத்த ஒரு நிஜக் கட்டடத்தை ஏன் பலி கொடுக்க வேண்டும்?

உள்ளே போய் நின்றால் இந்தக் கேள்வியே எழாது. கண்ணாடிச் சுவருக்குள் ஊற்று பீறிடுகிறது, ஆவி கண்ணாடியில் படிந்து வெளியே ஊரே மங்கித் தெரிகிறது. ஒரே நீரை வெவ்வேறு சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்கிறார்கள். பனியில் வந்தவர்கள் கோப்பையோடு கதகதப்பில் நடக்கிறார்கள். பெக்கர் கேட்டது இதுதானே! ஒரு காலத்தில் சோவியத் விண்வெளி வீரர் யூரி ககாரின் பெயரைச் சுமந்தது என்பதற்காகக் கட்டடத்தின் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

2021இல் யுனெஸ்கோ 7 நாடுகளின் 11 ஊற்று நகரங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கார்லோவி வாரியோடு பிரிட்டனின் பாத், பிரான்சின் விஷி, ஜெர்மனியின் பாடன்-பாடன், செக் நாட்டின் மரியான்ஸ்கே லாஸ்னே எல்லாம் இதில் உண்டு. ஊற்றுகளையும் பூங்காக்களையும் காட்டு நடைபாதைகளையும் கட்டடங்களோடு சேர்த்துப் பார்த்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. குறை ஒன்றுதான். சுமார் 1700 முதல் 1930கள் வரை என்று காலத்தை வரையறுத்தார்கள், 1975இன் விரிட்லோ மண்டபம் அதற்கு வெளியே. நடக்கிற கால்களுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லையே.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். ருமேனியாவின் பெயிலே ஹெர்குலானேயில் 1886இல் திறந்த நெப்டியூன் குளியல் மாளிகை பல வருடங்களாகப் பாழடைந்து கிடக்கிறது. கட்டடக்கலை படித்த இளைஞர்கள் தாங்களாக முன்வந்து, அது விழாமலிருக்க முட்டுக் கொடுத்தார்கள். கார்லோவி வாரியிலேயே 1895இன் பேரரசக் குளியலகம் நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 2023இல்தான் புதுப்பொலிவோடு திறந்தது. உள்ளே இப்போது கச்சேரி அரங்கு இருக்கிறது. கட்டடம் பிழைத்ததே பெரிது, மனதார வரவேற்கிறேன். ஆனால் தொட்டியில் நோயாளிகள் இல்லை.

விரிட்லோ மண்டபத்தையும் ஆவி அரிக்கிறது, கான்கிரீட்டுக்கும் இரும்புக்கும் அவசரமாகப் பழுதுபார்ப்பு தேவை. நகலுக்குக் கொட்டும் பணத்தை அதற்குக் கொடுங்கள் என்பதுதான் என் வாதம். அந்தப் பாட்டி அன்று மில் மண்டபத்தில் ஒரு சுற்று முடித்து, கோப்பையைத் துடைத்துக்கொண்டு, நேரே அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளித்தான் உள்ளே போனார்.