பாய் நனைக்கிற பிள்ளை

“இவன் வளர்ந்தால் மறியற்சாலைக்குத்தான் போவான்” என்று ஆசிரியர் ஒருவர் சொன்னபோது, மறுத்துப் பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். போர் முடிந்து மீள்குடியேறிய கையோடு, 2010இல், கிளிநொச்சி மாவட்டத்தில் தறப்பாள் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடம் அது. ஐந்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் நாய்க்குட்டியின் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துத் திரிந்தான்; ஒருநாள் வைக்கோற்போருக்கு நெருப்பும் வைத்துவிட்டான். விசாரிக்கப் போன என்னிடம் தாய் வேறொன்றைச் சொன்னார். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் இருந்த காலத்திலிருந்தே அவன் இரவில் பாயை நனைக்கிறானாம். அயலார் காணமுன்னர், விடியப்புறத்திலேயே அதைக் கழுவிக் கொட்டிலின் பின்பக்கக் கதியாலில் விரித்துவிடுவாராம்.

விலங்கை வதைப்பது, நெருப்பு வைப்பது, பாய் நனைப்பது ஆகிய இந்த மூன்றையும் ஒரு பிள்ளையிடம் ஒன்றாகக் கண்டால் கொலைகாரன் உருவாகிறான் என்ற நம்பிக்கை, மக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் 1963இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் பார்த்தது கொலை மிரட்டல் விடுத்த 100 நோயாளிகளை. அவர்கள் கொலை செய்தவர்கள் என்பதற்காகத் தெரிவானவர்கள் அல்லர். பின்வந்த ஆய்வுகள் அந்த மூன்றின் சேர்க்கையை உறுதிப்படுத்தவில்லை. பாய் நனைப்பது பெரும்பாலும் உடல் வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது. பயத்தாலும் இழப்பாலும் திரும்பி வரக்கூடியது. ஷெல்லடிக்குள் பதுங்குகுழியில் கிடந்த பிள்ளைக்கு அது வந்ததில் என்ன அதிசயம்?

சமூகவியலாளர் லீ றொபின்ஸ் 1966இல் வெளியிட்ட ஆய்வை நான் பிந்தித்தான் வாசித்தேன். சிறுவர் உளநல மருத்துவ நிலையமொன்றுக்கு வந்த 524 பேரை முப்பது ஆண்டுகளின் பின் தேடிப் பார்த்தவர் அவர். சமூக விரோதப் போக்குள்ள பெரியவர்கள் அநேகமாகச் சிறுவயதிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் அப்படியிருந்த சிறுவர்களில் பெரும்பாலானோர் அப்படி ஆகவில்லை. நாமோ மறியற்சாலையிலிருந்து பின்னோக்கிப் பார்த்துவிட்டு, முன்னால் நிற்கிற பிள்ளைக்குச் சாத்திரம் சொல்கிறோம்.

விலங்கைத் திரும்பத் திரும்ப வதைப்பதைக் குழப்படி என்று விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையை வீட்டில் யார் அடிக்கிறார்கள் என்று கேட்கவேண்டிய இடம் அது. நாங்கள் கேட்காமல் பிரம்பை எடுத்தோம்.

குற்றப் பொறுப்புக்கான குறைந்த வயதை இலங்கைச் சட்டம் 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்த்தியது. சட்டமே அவ்வளவு தயங்குகிற வயதில், எங்கள் ஆசிரியர் அறையில் தீர்ப்பு முடிந்திருந்தது. உளவளத்துணை ஆசிரியர் என்று ஒருவர் பின்னாளில் வந்தார். வராத ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்ப்பதிலேயே அவரது பாடவேளைகள் கழிந்தன.

அந்தப் பெடியன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். அப்போது வகுப்பாசிரியர் நான்தான். வரவு இடாப்பில் அவன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினேன், வீட்டுக்குப் போகவில்லை.